ஆலப்புழை படகுவீடும் நூறு ரூபாய் டீசலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆலப்புழையில் படகுவீடு எடுக்கப் போகிறவர்கள் போனில் விசாரிப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள். எத்தனை அறை, சாப்பாடு என்ன, ஏசி எப்போதிலிருந்து எப்போது வரை. படகு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. டீசல் விலை ஏறிய ஆண்டுகளில், யாரும் கேட்காத அந்தத் தூரத்தில்தான் முதலில் கை வைக்கப்பட்டது என்பது என் கணிப்பு. வாடகை அப்படியே இருக்கும், மெனுவில் கரிமீன் இருக்கும், ஏசி நேரமும் மாறாது. படகு மட்டும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் கிட்டத்திலேயே சுற்றிவிட்டு வந்துவிடும்.

எரிபொருள் விலைக்கும் உல்லாசப் படகுப் பயணத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஆலப்புழையை ஒட்டிய வேம்பநாட்டுக் காயலைவிட நல்ல இடம் நமக்குப் பக்கத்தில் இல்லை. கோயம்புத்தூர், மதுரை, நாகர்கோவில் பக்கமிருந்து கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் போகிற இடம். நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே மாதிரி வேலையை ஒரே நீர்ப்பரப்பில் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே டீசல் விலை. ஆகவே விலை மாறும்போது எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

விலை ஏறிய கதை

2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. அப்போது கச்சா எண்ணெய் சரிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் அதன் கனம் உறைக்கவில்லை. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. கச்சா விலை விழுந்ததன் பலனில் பெரும்பங்கு வரியாகப் போனது. அப்படியும் 2016இன் தொடக்கத்தில் கேரளத்தில் ஒரு லிட்டர் டீசல் 50 ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. படகுவீட்டுக்காரர்களுக்கு அது நல்ல காலம்.

2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறத் தொடங்கியது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் ஆலப்புழையைச் சுற்றிய நெல்வயல் பகுதியான குட்டநாட்டையே மூழ்கடித்தது. அதிலிருந்து எழுந்து நிற்பதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த ஊரடங்குக் காலத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்குப் போயிற்று. ஆனால் மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 13 ரூபாயும் கூட்டப்பட்டு டீசல் மீதான மத்தியக் கலால் வரி லிட்டருக்கு 31.83 ரூபாய் ஆனது. படகுகள் கரையில் கட்டிக் கிடந்தபோது ஏற்றப்பட்ட வரி அது. அவை மறுபடி தண்ணீரில் இறங்கியபோது காத்திருந்து பிடித்துக்கொண்டது. இரண்டாம் அலைக்குப் பிறகு 2021இன் பிற்பாதியில் பயணிகள் திரும்பிவர ஆரம்பித்தார்கள். அதே அக்டோபரில் கேரளத்தில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது.

நவம்பரில் மத்திய அரசு 10 ரூபாய் குறைத்தது. அப்புறம் சில மாதம் விலை அசையவில்லை. 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 14 தவணைகளில் லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் ஏறியது. அந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல், மே விடுமுறைக்கான முன்பதிவுகள் பல அதற்கு முன்பே முடிந்திருக்கும். பழைய விலையில் பேசிய வாடகை, புதிய விலையில் ஊற்ற வேண்டிய டீசல். மே 21 அன்று மேலும் 6 ரூபாய் குறைக்கப்பட்டபோது பள்ளி விடுமுறையே முடியப் போகிறது. 2023 ஏப்ரலில் கேரள அரசு தன் பங்குக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது விலையின் உச்சம் அல்ல. வாடகை சீசனுக்கு ஒருமுறை நிர்ணயிக்கப்படுகிறது, டீசல் விலையோ எந்த நாளும் மாறக்கூடியது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். லாரிக்காரர் வாடகையை ஏற்றிவிட்டுச் சமாளிக்கலாம், அவர் ஏற்றும் சரக்கு போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். படகுவீட்டுப் பயணம் அப்படி அவசியமான ஒன்றல்ல. 2,000 ரூபாய் கூடக் கேட்டால் குடும்பம் மூணாறுக்குப் போய்விடும், அல்லது அடுத்த படகுக்காரரிடம் போகும். முன்பதிவுத் தளங்களும் தரகர்களும் ஒரே திரையில் ஐம்பது படகுகளின் விலையை வரிசையாகக் காட்டும்போது யாரும் முதலில் விலை ஏற்ற விரும்புவதில்லை.

வரி விஷயத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அதனால் படகு உரிமையாளர் வாடகைக்கு ஜிஎஸ்டி கட்டினாலும், டீசலுக்குக் கொடுத்த வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் மீன்பிடி விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் ஒதுக்கீடு உண்டு. உல்லாசப் படகுகளுக்கு அந்த மாதிரிச் சலுகை கிடையாது, கேட்பதும் நியாயமில்லை என்றே நினைக்கிறேன். கடலுக்குப் போகிறவனின் டீசலும் விடுமுறைக்குப் போகிறவனின் டீசலும் அரசின் கண்ணில் ஒன்றாக இருக்கக் கூடாது.

டீசல் எங்கே போகிறது

இன்று படகுவீடாகியிருக்கும் கெட்டுவள்ளம் முதலில் நெல் ஏற்றிய படகு. அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, ஆணியே இல்லாமல் கட்டியது. கழியால் ஊன்றித்தான் தள்ளுவார்கள். சாலைகளும் லாரிகளும் வந்து அந்தத் தொழில் படுத்துவிட்ட பிறகு, 1990களில் அவற்றின் மேல் மூங்கில் பாயால் கூரை வேய்ந்து அறை கட்டிச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். ஆரம்பத்தில் ஓரிரு அறைகள்தான், கழி ஊன்றியே ஓட்டினார்கள். அறைகள் கூடின, மாடி வந்தது, ஏசி வந்தது. படகு கனத்தது. எஞ்சின் வந்தது, அதற்குப் பக்கத்தில் ஜெனரேட்டரும் வந்தது.

இன்று ஒரு வழக்கமான ஓர் இரவுப் பயணம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். பகல் பன்னிரண்டு மணியளவில் ஆலப்புழையின் புன்னமடைப் படகுத்துறையில் ஏறுகிறோம். ஒரு மணி நேரம் ஓடியதும் சாப்பாட்டுக்காகக் கரையோரம் நிறுத்துகிறார்கள். மறுபடி கிளம்பி ஐந்தரை மணி வரை. அதற்கு மேல் படகுவீடுகள் ஓடக் கூடாது, காயலில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். இரவு முழுதும் ஒரு வரப்போரம் கட்டிக் கிடக்கும். காலையில் பலகாரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம், ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். இருபத்தொரு மணி நேரத்தில் எஞ்சின் ஓடுவது நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். டீலக்ஸ் வகைப் படகில் ஏசி இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை. பிரீமியம் என்றால் நாள் முழுக்க.

மூன்று அறைப் படகு ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இது மாதிரிக் கணக்குதான், படகுக்குப் படகு மாறும். எஞ்சின் மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது, ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்றால் 20 லிட்டர். ஜெனரேட்டர் மணிக்கு 2 லிட்டர் வீதம் ஒன்பது மணி நேரத்துக்கு 18 லிட்டர். மொத்தம் 38. லிட்டர் 50 ரூபாயாக இருந்தபோது இது 1,900 ரூபாய். 100 ரூபாயானபோது 3,800. வாடகை 15,000 என்று வைத்தால், எட்டில் ஒரு பங்காக இருந்த டீசல் செலவு நான்கில் ஒரு பங்காகிவிட்டது. மீதியில் சமையல் சாமான், ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்), எஞ்சின் டிரைவர், லாஸ்கர் (துணையாள்), சமையல்காரர் ஆகியோரின் சம்பளம், தரகுக் கமிஷன், வங்கித் தவணை, ஆண்டுதோறும் கரையேற்றிப் பலகைக்கு எண்ணெய் பூசும் செலவு எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது மொத்தத் தொகையைவிட அதன் பிரிவு. ஓடுவதற்கு 20 லிட்டர். ஓடாமல் கட்டிக் கிடப்பதற்கு 18 லிட்டர். பிரீமியம் படகாக இருந்தால் கட்டிக் கிடக்கும் பங்கு ஓட்டத்தைத் தாண்டிப் போய்விடும். நாம் படகுப் பயணத்தின் எரிபொருள் செலவு என்று சொல்வதில் ஏறக்குறைய பாதி, பயணத்துக்கே சம்பந்தமில்லாதது. அது மூன்று படுக்கையறைகளைக் குளிர வைத்த செலவு.

அதுவும் மிக விலை கூடிய குளிர்ச்சி. சிறிய டீசல் ஜெனரேட்டர் நல்ல லோடில் ஓடினால் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் கரன்ட் தரும். நள்ளிரவுக்கு மேல் அறை குளிர்ந்து ஏசி கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும்போது லோடு பாதியாகும், லிட்டருக்கு 2 யூனிட்தான் தேறும். டீசல் 100 ரூபாய் என்றால் ஒரு யூனிட் கரன்டின் விலை 33 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கரையில் நூறடி தள்ளி நிற்கும் மின்கம்பத்தில் அதே யூனிட் 10 ரூபாய் அளவில் கிடைக்கும். படகின் சுவரோ மூங்கில் பாயும் மெல்லிய பலகையும். காயல் காற்று உள்ளே புகுந்து வெளியேறட்டும் என்று வேய்ந்த கூரை அது. அதற்குள் ஏசி ஓட்டும்போது குளிர் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும்.

எது சுருங்கியது

சரி, செலவு இரட்டிப்பானால் படகுக்காரர் என்ன செய்வார்? ஏசியில் கை வைக்க முடியாது. அது நேரம் போட்டு விளம்பரத்தில் எழுதிய வாக்குறுதி, ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்தினாலும் பயணி எழுந்து வந்து சண்டை போடுவார். சாப்பாட்டிலும் முடியாது, தட்டில் தெரிந்துவிடும். மிஞ்சுவது ஓட்டம் ஒன்றுதான். எந்த வழி, எவ்வளவு வேகம் என்று எந்த ரசீதிலும் எழுதுவதில்லை.

வேகத்தைக் குறைப்பதில் உள்ள மிச்சம் பெரியது. இந்த வகைப் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. இதற்குத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் மடிக்கு நெருக்கமாக ஏறும். மணிக்கு 8 கிலோமீட்டர் போன படகு 6 கிலோமீட்டரில் போனால் எஞ்சினுக்கு வேண்டிய திறன் பாதிக்கும் கீழே போய்விடும். அதே ஐந்து மணி நேரம், டீசல் பாதி. தண்ணீரில் இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் பயணிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 40 கிலோமீட்டர் போயிருக்க வேண்டிய படகு 30தான் போகும். அந்தக் குறைந்த பத்துக் கிலோமீட்டரில்தான் காயலிலிருந்து மீட்டெடுத்த நிலமான ஆர் பிளாக் இருக்கிறது, பாதிராமணல் தீவு இருக்கிறது, கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் அந்தக் காயல் நிலங்களின் வரப்புகள் இருக்கின்றன.

ஒருமுறை குடும்பத்தோடு போனபோது ஸ்ராங்கிடம் கேட்டேன்: “சேட்டா, ஆர் பிளாக் பக்கம் போயிட்டு வரலாமா?” அவர் முகத்தில் தயக்கம். பின்பக்கம் போய் டீசல் டேங்க் மூடியைத் திறந்து ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். ஈரம் ஏறியிருந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு எஞ்சின்காரரிடம் காட்டினார். குச்சியில் கத்தியால் கீறிய கோடுகள். இரவு ஜெனரேட்டருக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டி, “போகலாம் சார், டீசல் காசு தனியா ஆகும்” என்றார். அந்தக் குச்சியில் ஏசிக்கான கோடு முதலில் ஒதுக்கப்பட்டிருந்தது, பயணத்துக்கு மீதி. நான் இந்தக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதலாளி அளந்து கொடுத்த டீசலுக்குள் எங்களை ராத்திரி முழுக்கத் தூங்கவைக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

வழி சுருங்குவதால் இன்னொரு விளைவு: எல்லாப் படகும் புன்னமடைக்கும் கைநகரிக்கும் இடையில் குவிகின்றன. ஒரு படகின் புகை அடுத்த படகின் முற்றத்தில். வேம்பநாடு 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட நீர்நிலை. அதன் பரந்த தண்ணீரைப் பார்க்கப் போனவர்கள் ஒரு கால்வாய் முனையில் போக்குவரத்து நெரிசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது ஒருநாள் தொல்லை இல்லை. அவர்கள் துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான்.

கூடுதல் ஆட்களை ஏற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். பகல் சவாரிப் படகில் ஒரு நடைக்கு ஆகும் டீசல், பத்துப் பேர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை ஏற ஏற, இன்னும் நாலு பேரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற ஆசை வலுக்கும். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அனுமதித்ததைவிட அதிகமானோர் அதில் இருந்தார்கள். அதற்கு டீசல் விலைதான் காரணம் என்று சொல்வது தவறு. உரிமம், படகின் அமைப்பு, இருட்டிய பிறகு ஓட்டியது என்று அங்கே பல குற்றங்கள். ஆனால் படகுத் துறையைக் கண்காணிக்கும் அதிகாரிகள் எரிபொருள் விலை ஏறும் மாதங்களில் ஆள் எண்ணிக்கையைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மற்ற இடங்களில்

அமெரிக்காவில் 2022 ஜூன் நடுவில் பெட்ரோல் சராசரி விலை கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 5 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டுக்கு முன்பு 2008 ஜூலையின் 4.11 டாலர்தான் உச்சம். அங்கே உல்லாசப் படகு என்றால் பெரும்பாலும் சொந்தப் படகு, வேகப் படகு. தண்ணீரை விலக்கிப் போகாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்கிப் போகும். பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒவ்வொரு 100 குதிரைத்திறனுக்கும் மணிக்குச் சுமார் 38 லிட்டர் எரிக்கும் என்பது அங்கே படகுக்காரர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. 300 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு மாட்டிய படகை முழு வேகத்தில் விரட்டினால், 5 டாலர் விலையில், மணிக்குச் சுமார் 300 டாலர் கரையும். அதே படகைச் சறுக்கவிடாமல் ஏழு நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) வேகத்துக்குள் ஓட்டினால் மணிச் செலவு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே விலை ஏறினால் அங்கே வேகம் குறையும், தூரம் குறையும், படகைத் துறையிலேயே கட்டிவைத்து உட்கார்ந்து பேசும் மாலைகள் கூடும். வேம்பநாட்டின் கதைதான். ஆனால் அங்கே சுக்கானைப் பிடிப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒருவரே. எங்கே குறைக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். ஆலப்புழையில் குறைப்பவர் ஒருவர், குறைந்தது தெரியாமல் பணம் கொடுப்பவர் இன்னொருவர்.

பிரிட்டனில் நடந்தது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அங்கே கால்வாய்களில் ஒடுங்கிய நீளப் படகுகளில் விடுமுறை கழிப்பதும் வாழ்வதும் வழக்கம். வரி குறைந்த சிவப்புச் சாயமிட்ட டீசலைத்தான் ஊற்றுவார்கள். 2008 நவம்பர் 1 முதல், உல்லாசப் படகை ஓட்டுவதற்கு ஆகும் டீசலுக்கு முழு வரி கட்ட வேண்டும், படகுக்குள் சூடேற்றவும் மின்சாரத்துக்கும் ஆகும் டீசலுக்குச் சலுகை தொடரும் என்று மாற்றினார்கள். இரண்டும் ஒரே டேங்கில் இருப்பதால் 60 விழுக்காடு ஓட்டத்துக்கு, 40 விழுக்காடு வீட்டு உபயோகத்துக்கு என்று ஒரு பொதுப் பிரிவை ஏற்றுக்கொண்டார்கள். படகில் ஊற்றும் டீசலில் பாதியை நெருங்கும் பங்கு ஓட்டத்துக்கு அல்ல என்பதை ஒரு நாட்டின் வரித்துறையே கணக்கில் எடுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து நம் ஊரில் அந்தப் பிரிவை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

இலங்கையில் 2022இல் வந்தது வேறு வகை நெருக்கடி. 2022 தொடக்கத்தில் லிட்டர் 177 இலங்கை ரூபாயாக இருந்த பெட்ரோல் ஜூன் இறுதியில் 470 ரூபாய். அதைவிட மோசம், காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு வாராந்தர ஒதுக்கீடும் கியூஆர் குறியீடும் வந்தன. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. திருகோணமலை நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் பவளப்பாறை பார்க்க ஆட்களை ஏற்றிப் போகும் சிறு படகுகளின் சம்பாத்தியக் காலம் அது. நெருக்கடியின் உச்சம் அந்த மாதங்களிலேயே வந்து விழுந்தது. அதிக விலை பயணத்தைச் சுருக்கும். தட்டுப்பாடு படகையே நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே பிரச்சினையாகப் பேசக் கூடாது.

இரவிலிருந்து தொடங்கலாம்

மறுபடி ஆலப்புழைக்கு வருவோம். ஓட்டத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் படகுக்காரருக்கு மிச்சம் 4 லிட்டர், 400 ரூபாய். இரவில் ஜெனரேட்டருக்குப் பதில் கரையிலிருந்து கரன்ட் எடுத்தால் 18 லிட்டர் மிச்சம், 1,800 ரூபாய். இரவுக்குச் சுமார் 40 யூனிட் ஆகும், யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 400 ரூபாய் போக, கையில் 1,400 நிற்கும். பயணியிடமிருந்து ஒரு மணி நேரப் பயணத்தைப் பிடுங்குவதைவிட மூன்றரை மடங்கு லாபம். பயணியும் ஜெனரேட்டர் அதிர்வு இல்லாமல் தவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கலாம்.

சில கட்டுமிடங்களில் இந்த வசதி இருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லாததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. படகுகள் இரவு கட்டப்படுவது பெரும்பாலும் தனியார் நெல்வயல் வரப்போரங்களில். அங்கே மின் இணைப்பு யார் பெயரில் வாங்குவது, மீட்டர் யார் வைப்பது, ஈரத்தில் வயர் இழுப்பதால் வரும் ஆபத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் தீர்க்கப்பட வேண்டியவை. ஒரு படகுக்காரர் தனியாகச் செய்ய முடிகிற காரியம் இல்லை இது. நல்ல மண்ணிணைப்பும் கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவியும் உள்ள மின்தூண்களை அரசே நிறுவி, யூனிட் கணக்கில் கட்டணம் வாங்கலாம். படகுகளுக்கு டீசல் மானியம் கொடுப்பதைவிட இது எத்தனையோ மடங்கு உருப்படியான செலவு.

ஓட்டத்துக்கும் மாற்று வழி அதே காயலில் கண்முன் ஓடிக்கொண்டிருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு போய்வருகிறது. 75 பேர் ஏறலாம். அந்த வேலைக்கு டீசல் படகு என்றால் நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆதித்யாவுக்கு ஆகும் கரன்ட் செலவு சில நூறு ரூபாய்தான். உலக அளவில் மின்படகுகளுக்கு வழங்கப்படும் குஸ்தாவ் த்ரூவே விருதும் 2020இல் இதற்குக் கிடைத்தது. 2023 ஏப்ரல் 25 அன்று கொச்சி வாட்டர் மெட்ரோ பேட்டரிப் படகுகளோடு தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களின் படகு டீசலை விடத் தொடங்கிவிட்டது, விடுமுறைக்குப் போகிறவர்களின் படகு இன்னும் டீசலில் நிற்கிறது.

படகுவீட்டுக்கு அப்படியே ஆதித்யாவின் வழி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதித்யா இரட்டை உடல் கொண்ட, எடை குறைந்த படகு. குறுக்கே போகும் தூரமும் சிறிது. படகுவீடோ கனத்த மர உடல், மேலே இரண்டு தளம். இருந்தாலும் கணக்கு நம்பிக்கை தருகிறது. கூரையில் 8 கிலோவாட் பேனல் போட்டால், கேரள வெயிலில் நாளுக்குச் சுமார் 32 யூனிட் கிடைக்கும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் பகல் ஓட்டத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். ஏசிக்கு அதே பேட்டரியிலிருந்து எடுக்க முயன்றால்தான் முதலீடு எட்டாத உயரத்துக்குப் போகும். பகல் ஓட்டம் வெயிலில், இரவு ஏசி கரைக் கம்பத்தில் என்று பிரித்தால் இரண்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிடுகின்றன. ஜூன், ஜூலை மழையில் வெயில் போதாது. அந்த மாதங்களில் கூட்டமும் குறைவு, சின்ன டீசல் எஞ்சினைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வரும்வரை பயணிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பதிவு செய்யும்போதே எந்த வழியாகப் போகும், எங்கே திரும்பும், இரவு எங்கே கட்டுவார்கள், அங்கே கரை மின்சாரம் உண்டா என்று கேட்டு, வழியை ரசீதில் எழுதி வாங்கலாம். ஏசி வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைத்துக் கொசுவலைக்குள் தூங்குகிறோம், அந்த டீசலில் பாதிராமணல் வரை கூட்டிப் போங்கள் என்றும் கேட்டுப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அது தாராளமாக முடியும். வெறும் காயல் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஆலப்புழையிலிருந்து கோட்டயம் போகும் அரசுப் படகில் சில பத்து ரூபாய் டிக்கெட்டில் ஏறிக்கொள்ளலாம். கைநகரிப் பக்கம் படகுவீடு நுழைய முடியாத குறுகிய தோடுகளுக்குள் (சிறு கால்வாய்களுக்குள்) துடுப்பு வள்ளத்தில் கூட்டிப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள். நம் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் போவது போலத்தான். அங்கே நாம் கொடுக்கும் காசு முழுதும் துடுப்புப் போடுகிறவரின் உழைப்புக்கான கூலி.